இரவு நேர மிதிவண்டிப் பயணமும் களவுத் தடுப்பும்: மும்பை தரும் பாடம்

நகர வளர்ச்சி என்றவுடன் மேம்பாலங்களும் மெட்ரோ ரயிலும் விரைவுச் சாலைகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், பெருநகரம் ஒன்று பொழுது விடிவதற்குள் இயங்கத் தொடங்குவதற்குத் துணைபுரியும் வாகனங்களுள் மிதிவண்டிக்குத் தனியிடம் உண்டு. பாலும் செய்தித்தாளும் ரொட்டியும் வீட்டு வாசலை அடைவது பெரும்பாலும் அதன் மூலமே. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் குடும்பங்களுள் ஏறத்தாழப் பாதி மிதிவண்டி வைத்திருக்கின்றன. உழைக்கும் மக்களுக்கு அது வாகனம் மட்டுமன்று. தொழிலுக்கான மூலதனமும் ஆகும்.

இந்த மூலதனம் இருவகையில் கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. இரவில் சாலையில் பின்னால் வரும் வாகன ஓட்டியின் பார்வைக்கு அது தெரிவதில்லை. களவு போன பின்னர், இன்ன வண்டி இன்னாருடையது என்று காட்டும் சான்று எதுவும் பதிவேட்டில் இருப்பதில்லை. முன்னதற்கு விளக்கின்மையும் பின்னதற்கு அடையாளமின்மையும் காரணங்கள். இரண்டையும் நீக்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முறையான ஏற்பாடே தேவை. மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் நிலையைக் கொண்டு இதனை ஆராயலாம்.

இரவில் ஓட்டுவோர் யார்?

மாகிமுக்கும் சயானுக்கும் இடைப்பட்ட தாராவி, சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புடையது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர் இங்குக் குடியேறத் தொடங்கினர். இன்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல இட்லித் தொழிலை நம்பி வாழ்கின்றன. முன்னிரவில் மாவு அரைத்து, பின்னிரவில் அடுப்பு மூட்டி, விடியுமுன் இட்லிப் பாத்திரத்தையும் சட்னித் தூக்கையும் மிதிவண்டியில் கட்டிக்கொண்டு நகரின் பல பகுதிகளுக்கும் புறப்படுகின்றனர். அவர்களது பயணத்தின் முதற்பகுதி இருளிலேயே கழிகிறது.

மாட்டுங்காவின் நிலை வேறு. 1896இல் பரவிய பிளேக் நோயை அடுத்து, 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் தாதர்-மாட்டுங்கா திட்டத்தால் உருவான பகுதி அது. அகன்ற தெருக்களும் பெருமரங்களும் கல்லூரிகளும் உடுப்பி உணவு விடுதிகளும் கொண்டது. விடுதிப் பணியாளர்கள் கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவி வெளியேறும் நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடியிருக்கும். அதே தெருக்களில் பூ, காய்கறி வணிகர்களின் நடமாட்டம் விடியுமுன்னரே தொடங்கிவிடும்.

செம்பூரும் அதனை அடுத்த மாஹுல், டிராம்பே பகுதிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் உரத் தொழிற்சாலையையும் உடையவை. பணிமுறை மாறும் நேரங்களில் ஒரு சாரார் வேலைக்கு வருவதும் மற்றொரு சாரார் வீடு திரும்புவதும் இரவில் நிகழ்கின்றன. எண்ணெய் லாரிகள் செல்லும் அதே சாலைகளில்தான் இவர்களது மிதிவண்டிகளும் செல்கின்றன.

ஆகவே, இரவில் மிதிவண்டி ஓட்டுதல் இப்பகுதிகளில் பொழுதுபோக்கு அன்று. பிழைப்பின் ஒரு கூறு. 'இரவில் ஓட்ட வேண்டாம்' என்னும் அறிவுரை இவர்களுக்குப் பயன்படாது.

இருளில் நிகழ்வது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 4,836 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். மூன்று மணி நேரப் பிரிவுகளாகப் பகுத்துப் பார்க்கும்போது, மாலை 6 மணி முதல் 9 மணி வரையுள்ள பொழுதிலேயே விபத்துகள் மிகுதி. மோதிய முறையைக் கொண்டு பார்த்தால், பின்புறமிருந்து மோதுதலே முதலிடம் பெறுகிறது. எல்லா வகை வாகனங்களுக்கும் உரிய கணக்கு இது. எனினும் மிதிவண்டிக்கு இதில் ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது. விளக்கு என்றவுடன் பலரும் முன்விளக்கையே எண்ணுகின்றனர். உயிரைக் காப்பதில் பின்விளக்கின் பங்கு அதனினும் குறைந்ததன்று.

இதற்கான காரணத்தை எளிய கணக்கால் விளக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை விநாடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கழிந்துவிடும். பின்னர் உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 28 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 53 மீட்டர். மழையில் நனைந்த சாலையில் இது 65 மீட்டராக உயரலாம். தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியிலோ, கருநிற ஆடை அணிந்தவர் சுமார் 30 மீட்டர் அளவில் நெருங்கிய பிறகே தெளிவாகத் தெரிவதுண்டு. இவ்விரு தொலைவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே விபத்தாக முடிகிறது. ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பானோ சிறிய சிவப்பு விளக்கோ இருப்பின், 100 மீட்டருக்கு அப்பாலேயே வண்டி புலப்படும். வேகத்தைக் குறைக்கவும் விலகிச் செல்லவும் ஓட்டுநருக்குப் போதிய அவகாசம் கிடைக்கும்.

பிரதிபலிப்பானும் விளக்கும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். பிரதிபலிப்பான் தானே ஒளிர்வதில்லை. பிற வாகனத்தின் ஒளி அதன்மேல் விழுந்தால் மட்டுமே ஒளிரும். குறுக்குத் தெருவிலிருந்து வரும் வாகனத்திற்கு அது தெரியாமற் போகலாம். எனவே விளக்குக்கு அது துணையாகுமேயன்றி மாற்றாகாது. மிதிகளில் பொருத்தப்படும் பிரதிபலிப்பான்கள் மேலும் கீழும் அசைவதால், செல்வது மிதிவண்டி என்பதை ஓட்டுநர் விரைவில் உணர்ந்துகொள்கிறார். மிதிவண்டிப் பிரதிபலிப்பான்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் பிறப்பித்தது. எனினும் புது வண்டிகளுக்கான இவ்வேற்பாடு, ஏற்கெனவே தெருக்களில் ஓடும் எண்ணற்ற பழைய வண்டிகளைத் தானாகச் சென்றடையாது.

முற்காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கும், பின்னர் டைனமோவும் பயன்பட்டன. டயரில் உராய்ந்து மின்சாரம் தரும் சாதாரண டைனமோவின் குறைபாடு, வண்டி நின்றவுடன் விளக்கும் அணைந்துவிடுவதே. சாலைச் சந்திப்பில் காத்து நிற்கும் வேளையில்தான் விளக்கு மிகவும் தேவை. மின்கலத்தில் இயங்கும் எல்.இ.டி. விளக்குகள் இக்குறையைப் போக்கியுள்ளன. குறைந்த மின்சாரத்தில் நீண்ட நேரம் எரியும் இவை, வண்டியின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே கிடைக்கின்றன.

சாலையும் தெருவிளக்கும்

ஓட்டுபவரின் பொறுப்போடு இவ்விஷயம் முடிந்துவிடுவதில்லை. தாராவி மாநகராட்சியின் ஜி வடக்கு வட்டத்திலும், மாட்டுங்கா எஃப் வடக்கு வட்டத்திலும், செம்பூர் எம் மேற்கு வட்டத்திலும் அடங்கும். தீவு நகரப் பகுதியின் மின் வழங்கலை பெஸ்ட் நிறுவனம் கவனிக்கிறது. செம்பூரை உள்ளிட்ட புறநகர்களில் தனியார் மின் நிறுவனம் கவனிக்கிறது. தாராவியிலிருந்து செம்பூர் வரை வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர், அரை மணி நேரத்திற்குள் பல நிர்வாக எல்லைகளைக் கடக்கிறார். எரியாத விளக்கு ஒன்றைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்பதை அவர் அறிந்திருப்பார் என எதிர்பார்க்க இயலாது.

தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றும் தேசியத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கப்பட்டது. இதனால் பல நகரங்களின் முதன்மைச் சாலைகள் பிரகாசமடைந்தன. ஆயினும் ஒளியின் அளவைப் போலவே அதன் சீர்மையும் முக்கியமானது. வெளிச்சத்திலிருந்து திடீரென இருளுக்குள் நுழையும் கண்ணுக்குப் பார்வை பழகச் சிறிது நேரம் ஆகும். மேம்பாலங்களின் அடிப்பகுதியும், மாட்டுங்காவின் அடர்ந்த மரங்கள் விளக்குக் கம்பத்தை மறைக்கும் இடங்களும் இத்தகையவை. மரத்தை வெட்டாமல், கிளைகளுக்குக் கீழே தாழ்வாக விளக்கு அமைப்பதே இங்கு ஏற்ற வழி.

மழைக்காலத்தில் இடர் மேலும் பெருகுகிறது. கிங்ஸ் சர்க்கிளை அடுத்த காந்தி மார்க்கெட்டும் சயானும் நீர் தேங்கும் இடங்கள் எனப் பெயர் பெற்றவை. தேங்கிய நீர் பள்ளத்தையும் திறந்த சாக்கடை வாயையும் மறைத்துவிடும். 2017 ஆகஸ்ட் 29ஆம் நாள் பெருமழையில் மும்பை மருத்துவர் ஒருவர் திறந்திருந்த பாதாளச் சாக்கடைக்குள் விழுந்து உயிரிழந்த நிகழ்ச்சி நாட்டையே உலுக்கியது. நடந்து சென்றவருக்கு நேர்ந்த இக்கதி, இரு சக்கரங்களில் செல்பவருக்கும் நேரக்கூடியதே.

தடங்கள் அமைத்தால் போதுமா?

தனித்தடம் அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கருத்து உண்டு. மும்பையின் அனுபவம் இதனை முழுதும் ஆதரிக்கவில்லை. தாராவிக்கு மறுகரையில், மித்தி ஆற்றுக்கு அப்பால் உள்ள பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்தில் 2011இல் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டித் தடம் அமைக்கப்பட்டது. அது விரைவிலேயே கார்கள் நிறுத்தும் இடமாக மாறிப் பயனற்றுப் போனது. பவாய் ஏரிக்கரையில் மேற்கொள்ளப்பட்ட மிதிவண்டித் தடப் பணி சட்டத்திற்குப் புறம்பானது என 2022 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. மிதிவண்டியை உண்மையில் பயன்படுத்துவோர் யார், எந்நேரத்தில், எங்கிருந்து எங்குச் செல்கின்றனர் என்று கணக்கெடுத்த பிறகே தடம் வகுக்கப்பட வேண்டும். மனிதர்கள் செல்வதற்கே முதலிடம் தர வேண்டும், வாகனங்களுக்கு அன்று என 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறுகிறது. இக்கொள்கை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படும் இட்லி வணிகருக்கும் பொருந்த வேண்டும்.

மேம்பாலத்தடி இருளைப் போக்குவதற்கு மாட்டுங்காவே ஒரு வழியைக் காட்டியுள்ளது. டாக்டர் அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் கீழ், குடியிருப்போரின் நீண்ட முயற்சியால், 2016இல் நானாலால் மேத்தா பூங்கா திறக்கப்பட்டது. சீர்கெட்டுக் கிடந்த இடம் விளக்கும் நடைபாதையும் மக்கள் நடமாட்டமும் உள்ள இடமாயிற்று. மக்கள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் விபத்தும் குறையும், களவும் குறையும்.

சட்டத்தின் பார்வையில் மிதிவண்டி

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இயந்திர விசையால் இயங்கும் வாகனங்களையே குறிக்கிறது. ஆகவே மிதிவண்டிக்குப் பதிவெண் இல்லை. உரிமைச் சான்றும் இல்லை. ஒரு காலத்தில் நிலைமை சற்று வேறாக இருந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட பல பகுதிகளில் உள்ளாட்சி மன்றங்கள் மிதிவண்டிக்கு ஆண்டு வரி விதித்து, எண் பொறித்த உலோக வில்லை வழங்கின. விளக்கின்றிச் சென்றவரையும் இருவராக ஏறிச் சென்றவரையும் காவலர் நிறுத்தி, சக்கரத்தின் காற்றை இறக்கி அனுப்பியதை மூத்த தலைமுறையினர் நன்கறிவர். ஏழையின் வாகனத்துக்கு வரி கூடாது என்பது நியாயமே. ஆனால் வரி மறைந்தபோது, வில்லையின் மூலம் கிடைத்த அடையாளமும் உடன் மறைந்தது.

இதன் விளைவு 2024 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின் கீழ் மேலும் கூர்மையடைகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறையாகத் தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், அவருக்குச் சமுதாய சேவையே தண்டனை. சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்தும் இந்நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் இவ்வகை வழக்கு, பிடியாணை வேண்டும் குற்றமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதாவது, நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை இதனைப் புலனாய்வு செய்ய இயலாது.

நான்கைந்து ஆண்டுகள் ஓடிய சாதாரண மிதிவண்டியின் மதிப்பு பெரும்பாலும் 5,000 ரூபாய்க்குள்ளேயே இருக்கும். விலையுயர்ந்த விளையாட்டு மிதிவண்டியை இழந்தவரின் புகாரைக் காவல்துறை நேரடியாகப் புலனாய்வு செய்யலாம். பால் விற்பவரின் பழைய வண்டிக்கு நடுவரின் ஆணை வேண்டும். முன்னவர் இழப்பது பொழுதுபோக்கை. பின்னவர் இழப்பது மறுநாள் வருமானத்தை. பொருளின் மதிப்பைச் சந்தை விலையால் மட்டும் அளக்கும்போது இவ்வேற்றத்தாழ்வு நேர்கிறது. குடியிருப்புக்கான கட்டடத்தினுள்ளிருந்து திருடப்பட்டால் 305ஆம் பிரிவு பொருந்தும். அது மதிப்பு எதுவாயினும் பிடியாணை வேண்டாக் குற்றமே. எனவே வண்டி தெருவில் நின்றதா, கட்டடத்தினுள் நின்றதா என்பதைப் புகாரில் தெளிவாகக் குறிப்பிடுவது இன்றியமையாதது. களவு போனதைத் 'தொலைந்து போனது' என்று எழுதித் தருவதும் தவறு. அது குற்றத்தையே மறைத்துவிடும்.

மீட்கப்பட்ட வண்டிக்கும் ஓர் இடையூறு உண்டு. உரிமையாளர் யாரெனத் தெரியாத பொருளைப் பற்றி நடுவர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோர் ஆறு மாதங்களுக்குள் வர வேண்டும் எனக் கேட்கலாம். ஒரே நிறமும் ஒரே வடிவமும் கொண்ட கறுப்பு வண்டிகளுள் தம்முடையது இதுவே என்று நிறுவ, எண் அறியாத உரிமையாளரிடம் என்ன சான்று இருக்கும்?

பூட்டும் எண்ணும்

இந்திய மிதிவண்டிகளில் வழக்கமாக உள்ள பின்சக்கர வளையப் பூட்டு, வண்டியை ஓட்டிச் செல்வதை மட்டுமே தடுக்கும். தூக்கிச் செல்வதைத் தடுக்காது. எனவே வண்டியின் சட்டகத்தையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து, அசையாத கம்பத்தோடு தடித்த சங்கிலியால் பிணைக்க வேண்டும். பூட்டு தரையைத் தொடாதபடி உயரத்தில் இருப்பது நல்லது. தரையில் கிடக்கும் பூட்டைச் சுத்தியலால் உடைப்பது எளிது. கழற்றக்கூடிய விளக்கை வண்டியிலேயே விட்டுச் செல்லலாகாது. வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்துவது எந்தப் பூட்டுக்கும் துணை செய்யும்.

இவற்றினும் முக்கியமானது சட்டக எண். பொதுவாக இருக்கைக் குழாயின் மேற்பகுதியிலோ, மிதி அச்சின் அடியிலோ இது பொறிக்கப்பட்டிருக்கும். இதனைக் குறித்து வைத்து, விற்பனைச் சீட்டையும் வண்டியின் நிழற்படத்தையும் பாதுகாத்து வைப்பவர், தம் உரிமையை நிறுவுவதில் பெருமளவு முன்னேறிவிடுகிறார். எண் தேய்ந்த பழைய வண்டியில், தெரிந்த தொழிலாளியைக் கொண்டு ஓர் அடையாளக் குறியைப் பொறிக்கச் செய்யலாம்.

பிற நாடுகள் இதனைச் சட்டமாகவே ஆக்கியுள்ளன. ஜப்பானில் 1994 முதல் மிதிவண்டியின் களவுத் தடுப்புப் பதிவு கட்டாயம். வாங்கும் கடையிலேயே சிறு கட்டணத்தில் எண் ஒட்டப்படுகிறது. பிரான்சில் வணிகர் விற்கும் புதிய மிதிவண்டிகளுக்கு 2021 ஜனவரி முதல் அடையாள எண் கட்டாயமாக்கப்பட்டது. இப்பதிவுகள் வரி தண்டுவதற்காக அல்ல, மீட்டுத் தருவதற்காக ஏற்பட்டவை என்பது நோக்கத்தக்கது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, வட்ட அலுவலகங்கள் கட்டணமின்றி, விருப்பத்தின் பேரில், மிதிவண்டிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம். சட்டக எண், உரிமையாளர் பெயர், வண்டியின் அடையாளங்கள் ஆகிய மூன்றுமே போதும். உள்ளூர்ப் பழுதுபார்க்கும் கடைக்காரர்களைப் பதிவாளர்களாகப் பயன்படுத்தினால் மக்கள் அலைய வேண்டியதில்லை. களவு வண்டி விற்பனைக்கு வரும்போது முதலில் காணக்கூடியவர்களும் அவர்களே. திருட்டுப் பொருள் என அறிந்தே வாங்குவதும் 317ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை அவர்களிடமும் வாங்குவோரிடமும் எடுத்துரைக்க வேண்டும்.

இரண்டாவதாக, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 138(1அ) பிரிவு, இயந்திரமில்லா வாகனங்கள் பொதுவிடங்களில் இயங்குவதை ஒழுங்குபடுத்த மாநில அரசுகளுக்கு விதிசெய்யும் அதிகாரம் அளிக்கிறது. அவ்விதிகள் அபராதத்தை முதன்மையாகக் கொள்ளலாகாது. விளக்கின்றிப் பிடிபடும் தொழிலாளியிடம் ஒரு நாள் கூலியைப் பறிப்பதைவிட, அவ்விடத்திலேயே ஒரு பின்விளக்கைப் பொருத்தி அனுப்புவது விபத்தைத் தடுக்கும்.

மூன்றாவதாக, தாராவியின் மறுசீரமைப்பு. 2004இல் மாநில அரசால் ஏற்கப்பட்டு, 2022இல் ஏலம் முடிவான இத்திட்டத்தின்படி, தரைத்தள வீடுகளில் வாழ்வோர் அடுக்குமாடிகளுக்கு மாற உள்ளனர். இன்று வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது; உறங்குபவரின் காதுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. வீடு பத்தாம் மாடிக்குச் செல்லும்போது வண்டி எங்கே நிற்கும்? கார் நிறுத்துமிடங்களை அளந்து ஒதுக்கும் வரைபடங்களில், பூட்டிப் பிணைக்கும் கம்பிகளும் விளக்கும் கூரையும் உள்ள மிதிவண்டிக் கொட்டிலுக்கும் இடம் வேண்டும். தாராவி மெட்ரோ நிலையம் 2025இல் திறக்கப்பட்டுள்ள நிலையில், நிலைய வாயிலிலும் இத்தகைய வசதி தேவை. கட்டி முடித்த பின் சேர்ப்பதினும் வரைபடத்திலேயே சேர்ப்பது எளிது, செலவும் குறைவு.

நான்காவதாக, பள்ளிகளும் கல்லூரிகளும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள மாணவர்கள் தத்தம் தெருவில் எரியாத விளக்குகளையும் பள்ளங்களையும் ஓரிரவு கணக்கெடுத்து வட்ட அலுவலகத்திற்கு அளிப்பது பயனுள்ள செய்முறைப் பாடமாகும். எந்த வட்டம், எந்த மின் நிறுவனம் என்னும் குழப்பமும் அதனால் தெளிவாகும்.

மும்பையை மட்டும் சார்ந்ததன்று இப்பிரச்சினை. மதுரை, கோவை முதலிய நகரங்களிலும் விடியுமுன் புறப்படும் உழைப்பாளிகள் உள்ளனர். ஒரு சிவப்பு விளக்கு, தடித்த சங்கிலி ஒன்று, ஏட்டில் எழுதி வைத்த ஓர் எண் ஆகியவை அவர்களது கையில் உள்ளவை. சீரான தெருவிளக்கு, கட்டணமில்லாப் பதிவேடு, பாதுகாப்பான நிறுத்துமிடம் ஆகியவை நிர்வாகத்தின் கையில் உள்ளவை. முதல் மூன்றையும் மக்களிடம் வலியுறுத்தும் அதிகாரிகள், பின்னைய மூன்றையும் நிறைவேற்றிவிட்டு வலியுறுத்துவதே முறையாகும்.